பின் சுமை: 64 கிலோ

மனைவி: ...கேக்குதா இல்லையா, அதையாவது சொல்லுங்க.

வாத்தியார்: கேக்குதும்மா. ஹெல்மெட்டுக்குள்ள மைக் வெச்சதே மெதுவாப் பேசறதுக்குத்தான். நீ கத்தினா என் காதுக்குள்ள மணி அடிக்குது.

மனைவி: ஸ்கூல்ல முப்பது வருஷமா மணி அடிக்குதே, அது வலிக்கல?

வாத்தியார்: கொஞ்சம் முன்னாடி நகர்ந்து உக்காரு.

மனைவி: இதுக்கு மேல நகர்ந்தா பெட்ரோல் டாங்க் மேலதான் உக்காரணும்.

வாத்தியார்: நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல காத்து போகுது. காத்து பூந்தா வண்டியைப் பின்னாடி இழுக்கும். இழுத்தா பெட்ரோல் போகும். நல்லாக் கட்டிப் பிடிச்சுக்கோ.

மனைவி: கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். கட்டிப் பிடிச்சுக்கோன்னு இன்னைக்குத்தான் வாயைத் திறந்து சொல்றீங்க. அதுவும் மைலேஜுக்காக.

வாத்தியார்: காரணம் எதுவா இருந்தா என்ன... பிடி.

மனைவி: பிடிச்சாச்சு. இப்பக் கொஞ்சம் வேகமாப் போங்களேன்.

வாத்தியார்: அறுபது. அறுபதுக்கு மேல முள்ளு நகராது. தூங்கற குழந்தையோட விரலைப் பிடிச்சிருக்கற மாதிரி ஆக்ஸிலரேட்டரைப் பிடிச்சிருக்கேன்.

மனைவி: நம்ம பொண்ணு தூங்கும்போது ஒரு நாளாவது அப்படிப் பிடிச்சிருக்கீங்களா?

வாத்தியார்: அவ என்ன பெட்ரோலா குடிச்சா...

மனைவி: ஏங்க, ஒரு மினி லாரி நம்மளை முந்துது.

வாத்தியார்: முந்தட்டும்.

மனைவி: மேல நாலு ஆடு நிக்குது. நாலும் நம்மளையே பாக்குது.

வாத்தியார்: பாத்தாப் பாக்கட்டும்.

மனைவி: ஒரு ஆடு ரொம்பப் பரிதாபமாப் பாக்குதுங்க.

வாத்தியார்: நீ ஆட்டைப் பாக்காத, நோட்டைப் பத்திரமா வெச்சுக்கோ. கிளம்பும்போது மீட்டர் எவ்வளவு?

மனைவி: எழுதியாச்சு. இதோட மூணு தடவை கேட்டுட்டீங்க.

வாத்தியார்: ஒரு எண் தப்பினா எல்லாம் போச்சு. இன்னைக்கு ஒரு நாள்தான். காலைல டாங்க் கழுத்து வரைக்கும் நிரப்பினோம். வண்டியை விலை பேசியிருக்கற பல் டாக்டர் வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி ஒரு பங்க் இருக்கு. அங்க மறுபடி கழுத்து வரைக்கும். ஓடின கிலோமீட்டரைப் புதுசா ஊத்தின லிட்டரால வகுத்தா விடை. லிட்டருக்கு முப்பது தாண்டினா வண்டி நம்மளோடது. தாண்டலேன்னா, நேரா டாக்டர் வீட்டு வாசல்ல நிறுத்தி, சாவியைக் கையில குடுத்துட்டு, பஸ்ல திரும்பறோம். பேசினது பேசினதுதான்.

மனைவி: நீங்களே டாக்டர்கிட்ட விலை பேசிட்டு வந்து, பேசினது பேசினதுதான்னா? இந்தப் பரிட்சை வெச்சே ஆகணும்னு நான் பிடிவாதம் பிடிக்கலேன்னா போன வாரமே வண்டி போயிருக்கும்.

வாத்தியார்: முப்பத்தொண்ணு குடுத்த வண்டி, நாலு மாசமா இருபத்திமூணு குடுக்குது. இந்த வயசுல நான் எதுக்கு இப்படி ஒரு வண்டியைக் கட்டி மாரடிக்கணும்?

மனைவி: மாரடிக்கறதா? ஞாயித்துக்கிழமை ஆனா விடியறதுக்கு முன்னாடி எழுந்து, துணியை வெச்சுத் தொடைச்சுத் தொடைச்சு... பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேட்டார் தெரியுமா? சார் வீட்ல யாரையாவது இப்படிக் குளிப்பாட்டியிருக்காரான்னு.

வாத்தியார்: அந்த ஆளைப் பத்திப் பேசாத. எனக்கு அவர் மேலதான் சந்தேகம்.

மனைவி: என்ன சந்தேகம்?

வாத்தியார்: கொஞ்ச நாளா என்னைப் பாத்தாச் சிரிக்கறார். சும்மா இல்ல, எதையோ வாய்க்குள்ள அடக்கிக்கிட்டு சிரிக்கறார். போன மாசம், "வண்டி சத்தம் இப்பல்லாம் நல்லா இருக்கு சார்"ங்கறார். நான் வண்டியே எடுக்காத வாரம் அது. ராத்திரில ட்யூப் போட்டு உறிஞ்சறாரோன்னு டாங்க் மூடிக்கு மேல செல்லோ டேப் ஒட்டி, ஓரத்துல பேனாவால கோடு போட்டேன்.

மனைவி: அடப்பாவமே. அவருக்கு வாயில இருக்கறதே மூணு பல்லு. அதுல ட்யூபை வெச்சு...

வாத்தியார்: டேப் பிரியல. அதான் குழப்பம். மூடி திறக்கல, பெட்ரோல் மட்டும் குறையுது. ஆவியாப் போகுதோன்னு ஷெட்டுக்குக் கூரை மாத்தினேன். நீயும்தானே ஏணி பிடிச்ச?

மனைவி: பிடிச்சேன்... பிடிச்சேன். ஏங்க, எதுக்கு ஓரம் கட்டறீங்க?

வாத்தியார்: இன்ஜின் ஆறட்டும்.

மனைவி: இப்பத்தானே டயர்ல காத்து பாக்கணும்னு நிறுத்தினீங்க. முக்கால் மணி நேரம் கூட ஆகல.

வாத்தியார்: அது டயருக்கு. இது இன்ஜினுக்கு. இறங்கு.

*

மனைவி: இடது கையை எதுக்கு இப்படி உதறறீங்க?

வாத்தியார்: பூச்சி... ஒரு பூச்சி உக்காந்துச்சு. அந்தத் தண்ணி பாட்டிலைக் குடு. மூடியைத் திறந்தே குடு.

மனைவி: நீங்களே திறங்களேன்.

வாத்தியார்: நீ புதுசா வாங்கினது. உனக்குத்தான் திறக்க வரும்.

மனைவி: பாட்டில் மூடில புதுசு என்ன பழசு என்ன... இந்தாங்க.

வாத்தியார்: நோட்டைக் காட்டு. எதுக்கு அந்தப் பக்கமா புரட்டற? நடுப் பக்கத்தைப் பாக்காத.

மனைவி: ஏன், நடுப் பக்கத்துல என்ன?

வாத்தியார்: அது ரஃப் கணக்கு. குடும்மா.

மனைவி: இருங்க. "காத்து, முன் டயர்... காத்து, பின் டயர்... செயின் தொய்வு, ரெண்டு விரல்... பக்கப் பெட்டி, கழட்டியாச்சு... முன் கண்ணாடி, கழட்டியாச்சு..." இது என்ன, "ப.சு. 61, 62, 64"?

வாத்தியார்: அது... ஒரு அளவு.

மனைவி: பக்கத்துல மேல பாத்து அம்புக்குறி வேற போட்டிருக்கு. ப.சு.ன்னா?

வாத்தியார்: பின் சுமை.

மனைவி: பின் சுமைன்னா?

வாத்தியார்: பின் சீட்டுல வர்ற எடை. பொதுவா.

மனைவி: பின் சீட்டுல பொதுவா யார் வர்றா?

வாத்தியார்: கணக்குல ஆள் கிடையாதும்மா. எடை மட்டும்தான்.

மனைவி: போன மாசம் மருந்துக் கடை வாசல்ல எடை மிஷினைப் பாத்ததும், சும்மா ஏறிப் பாரேன்னு ஆசையாக் கூப்பிட்டீங்களே. அது இதுக்கா? நான் கூட அக்கறைன்னு நினைச்சேன்.

வாத்தியார்: என் எடையும்தான் எழுதியிருக்கேன். பாரு, மு.சு. எழுபத்தி எட்டு.

மனைவி: அதுக்கு அம்புக்குறியே காணோம்.

வாத்தியார்: அது மாறலயே.

மனைவி: எழுபத்தி எட்டும் மாறலேன்னா, என்னோட மூணு கிலோதான் எட்டு கிலோமீட்டரைத் தின்னுச்சா? இதுல என் மாத்துத் துணியையும் வீட்டுலயே இறக்கி வெச்சுட்டு வந்துட்டீங்க.

வாத்தியார்: பெட்டியைக் கழட்டின பிறகு துணியை எங்க வெக்கறது? பெட்டி ரெண்டும் ரெண்டு பக்கமும் காது மாதிரி விரிச்சுக்கிட்டு நின்னா காத்து தடுக்கும். போட்டிருக்கறதே உனக்கு நல்லாத்தான் இருக்கு.

மனைவி: என்ன கலர் போட்டிருக்கேன், திரும்பாம சொல்லுங்க.

வாத்தியார்: ...மெக்கானிக்குக்கு ஒரு போன் போடறேன். ஸ்பீக்கர்ல வெக்கறேன், நீயும் கேளு.

மெக்கானிக்: அக்கா, சொல்லுங்கக்கா, சாருக்கு விஷயம்...

வாத்தியார்: அக்கா இல்லப்பா. நான்தான்.

மெக்கானிக்: ...சார். நம்பர் பாக்காம எடுத்துட்டேன் சார். வணக்கம் சார். எங்க அக்கான்னு நினைச்சேன். கூடப் பிறந்த அக்கா.

வாத்தியார்: உங்க அக்காவுக்கு ஏம்ப்பா என் விஷயம்?

மெக்கானிக்: வேற சார், சார். ஊர்ல எத்தனை சார்... நீங்க சொல்லுங்க சார், வண்டி எப்படிப் போகுது?

வாத்தியார்: நூத்திப் பத்து கிலோமீட்டர் வந்தாச்சு. அறுபதுலயே வர்றேன். டாப் கியர்ல. சிக்னல் தூரத்துல தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரை விட்டுடறேன். அதுவா உருண்டு வந்து நிக்குது. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?

மெக்கானிக்: எதுவும் இல்ல சார். ஏர் ஃபில்டர் புதுசு. பிளக் புதுசு. கார்புரேட்டரைக் கழட்டி மூணு தடவை கழுவியாச்சு. பிரேக் ஒட்டுதான்னு வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு, நீங்களே கையால சக்கரத்தைச் சுத்திப் பாத்தீங்க.

வாத்தியார்: லேசா சுத்துச்சு. பின் சக்கரம் பதினாலு சுத்து சுத்தி நின்னுச்சு. எண்ணினேன். அப்ப குத்தம் எங்கப்பா? மீட்டர் பொய் சொல்லுதோ?

மெக்கானிக்: மீட்டர் பாவம் சார், அதை ஒண்ணும் சொல்லாதீங்க. அது முன் சக்கரத்தோட கேபிள். முன் சக்கரம் எவ்வளவு சுத்துதோ அவ்வளவு காட்டும்.

மனைவி: பின் சக்கரம் மட்டும் சுத்தினா?

வாத்தியார்: நீ சும்மா இரு. பின் சக்கரம் மட்டும் எப்படிச் சுத்தும்? முன் சக்கரத்தை வீட்ல வெச்சுட்டா ஊருக்குப் போவாங்க?

மெக்கானிக்: அக்கா, வேணாம்க்கா...

வாத்தியார்: என்னப்பா வேணாம்?

மெக்கானிக்: வேணாம்... வேகமாப் போக வேணாம் சார். இதே மாதிரி போங்க. முப்பது நிச்சயம் சார். நான் எழுதித் தர்றேன்.

வாத்தியார்: நாலு மாசமா எழுதித் தராதவன் இன்னைக்கு எப்படி எழுதித் தர்ற?

மெக்கானிக்: சார்... கஸ்டமர் வந்துட்டாங்க சார்.

வாத்தியார்: வெச்சுட்டான். பாரு, எதையோ மறைக்கறான். பழைய பிளக்கையே துடைச்சுப் போட்டுட்டானோ?

மனைவி: அந்தப் பையன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான்.

வாத்தியார்: உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: முகத்தைப் பாத்தாத் தெரியாதா... கிளம்புங்க, டாக்டர் காத்துக்கிட்டிருப்பார்.

வாத்தியார்: சாவி... கீழ விழுந்துடுச்சு. எடேன்.

மனைவி: காலைல இருந்து இது மூணாவது தடவை.

*

மனைவி: ஏங்க, ஏத்தம் வருது. கியரைக் குறைங்க.

வாத்தியார்: வேணாம். டாப்லயே ஏறட்டும்.

மனைவி: வண்டி திணறுது. கையை வெச்சுப் பாருங்க, டாங்க் எல்லாம் நடுங்குது. நாலுக்கு வாங்க.

வாத்தியார்: கியர் குறைச்சா இன்ஜின் அதிகம் சுத்தும். அதிகம் சுத்தினா...

மனைவி: திணற விட்டு முறுக்கினா அதை விட அதிகம் குடிக்கும். ஒரு கியர் குறைச்சு லேசா விட்டா அதுவா ஏறும்.

வாத்தியார்: யார் சொன்னா?

மனைவி: மெக்கானிக் சொன்னானே.

வாத்தியார்: போன்ல சொல்லலையே.

மனைவி: ...முன்னாடி எப்பவோ சொன்னான். குறைங்கங்க, நின்னுடப் போகுது.

வாத்தியார்: குறைக்கறேன்... இரு... ம்... ஆச்சு.

மனைவி: ஒரு கிளட்ச் பிடிக்க இவ்வளவு நேரமா? பல்லைக் கடிச்ச சத்தம் எனக்கு மைக்ல கேக்குது.

வாத்தியார்: அது வண்டியோட பல் சக்கரம்.

மனைவி: வண்டிக்கு ஞானப்பல் முளைக்குது போல.

வாத்தியார்: கிளட்சை எவ்வளவுக்குக் குறைவாத் தொடறோமோ அவ்வளவுக்கு நல்லது. சில பேர் நாலு விரலையும் அது மேலயே வெச்சுக்கிட்டு ஓட்டுவாங்க. பாதி பிடிச்ச கிளட்ச், பாதி போன பெட்ரோல். அதான் நான் தொடறதே இல்ல.

மனைவி: முன்னாடியெல்லாம் ஒரு வளைவுக்கு ரெண்டு தடவை கியர் மாத்துவீங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நான் பின்னாடி தூங்கிடுவேன்.

வாத்தியார்: அப்ப மைலேஜ் பாக்கலம்மா. அப்ப...

மனைவி: அப்ப?

வாத்தியார்: ஒண்ணும் இல்ல. பங்க் தெரியுது பாரு.

*

வாத்தியார்: தம்பி, அவசரப்படாதீங்க. முதல்ல சென்டர் ஸ்டாண்ட் போடணும். சைடு ஸ்டாண்டுல சாய்ஞ்சு நின்னா டாங்க்ல ஒரு பக்கம் காத்து நிக்கும், அரை லிட்டர் கம்மியாப் பிடிக்கும். பாத்தா மைலேஜ் கூடின மாதிரி இருக்கும். அது ஏமாத்து. காலைலயும் சென்டர் ஸ்டாண்ட், இப்பவும் சென்டர் ஸ்டாண்ட்... ம்ம்... ஒரு நிமிஷம்... ஹூம்.

மனைவி: காலைல யார் போட்டா?

வாத்தியார்: அந்த பங்க்ல ஒரு ஆள் உதவி பண்ணார். இது கொஞ்சம்... தரை மேடா இருக்கு.

மனைவி: நகருங்க.

வாத்தியார்: ஏம்மா, நூத்தித் தொண்ணூறு கிலோ. கால்ல போட்டுக்காத.

மனைவி: கையால தூக்கப் பாத்தா வராதுங்க. ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரைல படற வரைக்கும் அதை மிதிச்சு, உடம்பு எடை முழுசையும் அது மேல போடணும். வண்டி தானா ஏறும். இப்படி. என்ன பாக்கறீங்க?

வாத்தியார்: ஒரே மிதி.

மனைவி: பின் சுமை அறுபத்தி நாலு கிலோ. ஒண்ணுக்காவது உதவட்டும்.

வாத்தியார்: இல்ல, எப்படிம்மா...

மனைவி: இருபது வருஷமா தையல் மிஷின் மிதிக்கற கால். தம்பி நிக்குது பாருங்க, ஊத்தச் சொல்லுங்க.

வாத்தியார்: ஊத்துங்க தம்பி. மெதுவா. நுரை கட்டினா நிறுத்தி, அடங்கினதும் மறுபடி... இன்னும்... அந்தக் கழுத்து வளையம் தெரியுதா, அதுவரைக்கும். இன்னும் கொஞ்சம். போதும். போதும் போதும். எவ்வளவு?

மனைவி: ஆறரை.

வாத்தியார்: ஆறரையா? சரியாப் பாரு. எட்டரையா இருக்கும்.

மனைவி: ஆறு, புள்ளி, அஞ்சு, பூஜ்யம். ஓடினது இருநூத்தி எட்டு. வகுங்க.

வாத்தியார்: இரு... ஆறரை முப்பது நூத்தித் தொண்ணூத்தி அஞ்சு. மீதி பதிமூணு. முப்பத்தி... தப்பு. எங்கயோ தப்பு.

மனைவி: முப்பத்தி ரெண்டு. எனக்கே வருது, கணக்கு வாத்தியாருக்கு வராதா?

வாத்தியார்: தம்பி, இந்த மிஷின் சரியா அளக்குமா? கோவிச்சுக்காதீங்க, சும்மா கேட்டேன்.

மனைவி: அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். முப்பத்தி ரெண்டுங்க. வாங்கின புதுசுல கூட முப்பத்தொண்ணுதான். செயின், ஃபில்டர், அறுபது, கட்டிப் பிடிக்கறது, எல்லாமாச் சேந்து ஜெயிச்சுட்டீங்க. சிரிங்களேன்.

வாத்தியார்: சிரிக்கறேனே.

மனைவி: இது சிரிப்பா? விடைத்தாள் திருத்தும்போது இதை விட நல்லா இருக்கும் உங்க முகம்.

வாத்தியார்: ஒரு நாள் கணக்கை வெச்சு எதையும் சொல்ல முடியாதும்மா. எதிர்க் காத்து இல்ல இன்னைக்கு. ரோடும் காலி. சராசரின்னு ஒண்ணு இருக்கு...

மனைவி: பேசினது பேசினதுதான்னு யாரோ சொன்னாங்க.

வாத்தியார்: டாக்டர் ஆசையா இருக்கார். பாவம், ஷெட்டெல்லாம் கட்டிட்டார்.

மனைவி: நம்ம ஷெட்டுக்கு இப்பத்தானே கூரை மாத்தினீங்க?

வாத்தியார்: பிடிவாதம் பிடிக்காத. குடுத்துடலாம். வயசாகுது, எல்லாத்துக்கும் ஒரு...

மனைவி: இடது கையை நீட்டுங்க.

வாத்தியார்: எதுக்கு?

மனைவி: நீட்டுங்க. இந்த விரல்ல நான் கிள்ளறேன். தெரியுதா?

வாத்தியார்: கிள்ளிட்டியா?

மனைவி: இதுல?

வாத்தியார்: சுண்டு விரல்ல தெரியுது.

மனைவி: மத்ததுல?

வாத்தியார்: மரத்துப் போயிருக்கும்மா. அரை மணி நேரம் ஓட்டினா முதல்ல ஊசி குத்தற மாதிரி இருக்கும். அப்புறம் கையே இல்லாத மாதிரி. மணிக்கட்டுல நரம்பு நசுங்குதாம். டாக்டர்கிட்ட போனேன். பல் டாக்டர் இல்ல, வேற. இந்தக் கையால இனிமே கிளட்ச் பிடிக்கக் கூடாதுன்னுட்டார்.

மனைவி: எப்பப் போனீங்க?

வாத்தியார்: அஞ்சு மாசம் ஆச்சு.

மனைவி: அஞ்சு மாசமா எங்கிட்ட மூச்சு விடல.

வாத்தியார்: எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை ஆனா நீ ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கற. என்னால முடியலேன்னு சொல்ல வாய் வரல. அப்ப இந்த மைலேஜ் குறைஞ்சுது. சரி, வண்டி மேல பழியைப் போட்டு வித்துடலாம்னு பாத்தேன். ஆனா அதுலயும் மனசு கேக்கல. மூணு தடவை கார்புரேட்டரைக் கழுவினேன். இன்னைக்கு வர்ற வழியெல்லாம் பாதி மனசு முப்பது வரணும்னுச்சு, பாதி மனசு வரக் கூடாதுன்னுச்சு. வந்து தொலைச்சுடுச்சு.

மனைவி: எனக்குத் தெரியும்.

வாத்தியார்: என்ன தெரியும்?

மனைவி: கை. அஞ்சு மாசம் முன்னாடி உங்க எல்லாச் சட்டைக்கும் பட்டனை எடுத்துட்டு பிரஸ் பட்டன் வெக்கச் சொன்னீங்க. இப்ப அதுதான் ஃபேஷன்னு சொன்னீங்க. இருபத்தாறு வருஷத்துல உங்களுக்கு ஃபேஷன்னு ஒரு வார்த்தை தெரியும்னே எனக்குத் தெரியாது. தையல்காரிகிட்ட வந்து பட்டன்ல பொய் சொல்லலாமா?

வாத்தியார்: அப்பவே கேட்டிருக்கலாமே.

மனைவி: நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். ...போன் அடிக்குது.

வாத்தியார்: பல் டாக்டர். வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருப்பார்.

மனைவி: எடுக்காதீங்க. சாவியைக் குடுங்க.

வாத்தியார்: அவர்கிட்ட நானே குடுத்துடறேன். அந்த ஒரு மரியாதையாவது...

மனைவி: அவருக்கு இல்ல. எனக்கு.

வாத்தியார்: உனக்கு எதுக்கு?

மனைவி: ஜாக்கெட் உள் பாக்கெட்டுல ஒரு அட்டை வெச்சிருக்கேன். இந்தாங்க, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க.

வாத்தியார்: இது... உன் போட்டோ. ஓட்டுநர் உரிமம்... கியர் உள்ள இரு சக்கர வாகனம்... தேதி... போன வாரம். ஏம்மா, இது எப்ப?

மனைவி: புதன்கிழமை புதன்கிழமை நூல் வாங்கப் போறேன்னு போவேனே. மெக்கானிக்கோட பழைய வண்டி, ஒர்க்ஷாப்புக்குப் பின்னாடி இருக்கற மைதானம். ரெண்டு தடவை விழுந்தேன். முழங்கால்ல ஏணி இடிச்சுடுச்சுன்னு சொன்னேனே, அது ஏணி இல்ல.

வாத்தியார்: அதான் அவன் அக்கா அக்கான்னு... சரி, இருக்கட்டும். கத்துக்கிட்ட, சந்தோஷம். ஆனா அது சின்ன வண்டி. இது வேற. இதோட கனம் வேற, கிளட்ச் வேற, எந்த கியர் எங்க விழும்னு கைக்கும் காலுக்கும் பழகவே மாசக்கணக்கு ஆகும். நீ இதைத் தொட்டதே இல்ல. தொட்டிருந்தா மீட்டர் ஓடியிருக்கும். தினம் சாயங்காலம் நான் மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதறேன். நாலு மாசத்துல ஒரு கிலோமீட்டர் கூட எனக்குத் தெரியாம ஏறலையே.

மனைவி: அந்த நோட்டுக்குப் பயந்துதாங்க தெருப் பக்கமே போகல. தினம் மத்தியானம் மூணு மணிக்கு, நீங்க ஸ்கூல்ல இருக்கும்போது, ஷெட்டுக்குள்ளயே வண்டியை சென்டர் ஸ்டாண்டுல ஏத்தி வெச்சு ஸ்டார்ட் பண்ணி, கிளட்சைப் பிடிச்சு ஒண்ணுல இருந்து அஞ்சு, அஞ்சுல இருந்து ஒண்ணுன்னு அரை மணி நேரம் மாத்திப் பழகினேன். முன் சக்கரம் நின்ன இடத்துலயே நின்னுச்சு, மீட்டர் அசையல. பின் சக்கரம் மட்டும் நாலு மாசமா எந்த ஊருக்கும் போகாம சுத்துச்சு. பெட்ரோல் போன இடம் அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் சுவத்துக்கு மேல எட்டிப் பாத்துட்டு, சார்கிட்ட சொல்ல மாட்டேன்மான்னு சத்தியம் பண்ணிக் குடுத்தார். இன்னைக்குக் காலைல நிரப்பின பெட்ரோல்ல நான் பழகல, உங்களுக்கு முப்பத்தி ரெண்டு வந்துச்சு. இப்ப நோட்டுல அம்புக்குறி போட்ட இடத்தை அடிச்சுட்டு, பின் சுமை எழுபத்தி எட்டுன்னு எழுதிட்டு வந்து ஏறுங்க. ஏறினதும் நல்லாக் கட்டிப் பிடிச்சுக்கோங்க, நடுவுல காத்து போகுது.